மரம் கொடுத்த கம்ப்ளைன்ட்

அமெரிக்காவில் ஃபில் ஹென்ட்ரி என்றொரு வானொலிக்காரர். 1990களில், கற்பனை விருந்தாளிகளுக்குத் தானே குரல் கொடுத்து அபத்தமாகப் பேசுவார். நிஜ நேயர்கள் கொதித்துப்போய் போன் போட்டுச் சண்டைக்கு வருவார்கள். அங்கே இன்னொரு வானொலிக்காரரான ஹோவர்ட் ஸ்டெர்னின் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே: செய்தி நேரலைக்கே பொய்ப் பெயரில் போன் செய்து தொகுப்பாளர்களை அசடு வழிய வைத்தார்கள்.

நம்மூரில் அதற்கு வழியில்லை. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அமைச்சரைத் தொட முடியாத மைக் என்ன செய்யும்? ஆட்டோக்காரரைக் கலாய்க்கும். ஆர்.ஜே. பாலாஜி போனில் கலாய்த்த ‘கிராஸ் டாக்’ நிகழ்ச்சி இந்த வகையில்தான் சென்னையில் கொடிகட்டிப் பறந்தது. அங்கே ஸ்டெர்னின் ரசிகர் நிலையத்தை ஏமாற்றினார். இங்கே நிலையம் நேயரை ஏமாற்றுகிறது, நடுவில் நகைக்கடை விளம்பரத்தோடு.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பக்கத்தில், கிள்ளையில் ஒரு மீனவர் கிழிந்த வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். போன் அடிக்கிறது.

“அண்ணே, பிச்சாவரத்துல உங்க படகு ஒரு மரத்தை இடிச்சிடுச்சு. மரம் கம்ப்ளைன்ட் குடுத்திருக்கு.”

“எந்த மரம் தம்பி? அங்க எல்லாம் ஒரே மாதிரில்ல நிக்குது!”

ஸ்டுடியோவில் சிரிப்பு. அண்ணனுக்கோ அதில் வியப்பே இல்லை. மானிய மனு என்னாச்சு என்று அவர் ஆபீசுக்குப் போன் போட்டால், “ஃபைல் மேல போயிருக்கு, நாளைக்கு வாங்க” என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொல்லும் கலைஞர்களைக் கேட்டுப் பழகியவர் அவர். அவர்களுக்குத்தான் இன்னும் யாரும் நிகழ்ச்சி கொடுக்கவில்லை.