கார்ப் பந்தய வர்ணனையில் வழுவமைதி: ஓர் ஆராய்ச்சி

கார்ப் பந்தய வர்ணனையாளருக்கு இலக்கணம் யாது என்னும் வினாவை அறிஞர் உலகம் ஏனோ தீண்டாமலே விட்டுவிட்டது. குரல் வளம், ஞாபக சக்தி, எஞ்சின் அறிவு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒன்றும் நிற்காது. சிறந்த வர்ணனையாளர் பிழையாகப் பேசுபவர். ஆனால் இலக்கணம் மன்னிக்கும் பிழையை மட்டும், தயங்காமல் பேசுபவர். இதை நிறுவ இருவர் போதும்: நன்னூல் எழுதிய 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர், 20ஆம் நூற்றாண்டின் மர்ரி வாக்கர்.

வாக்கர் 1949இல் சில்வர்ஸ்டோனில் பிபிசி வானொலிக்காக மைக் பிடித்தவர். பிறகு தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் பந்தயங்களின் குரலாகி, 2001இல்தான் ஓய்ந்தார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். அந்த இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை என்று கொள்வதில் தவறில்லை. உட்கார்ந்து வர்ணிப்பது அவருக்கு ஒத்துவராது, நின்றுகொண்டேதான்.

இனி வழு, அதாவது பிழை. இலக்கணம் மன்னித்துவிட்ட வழுவே வழுவமைதி. நன்னூல் கூறும் ஏழில் நமக்கு முதன்மையானது கால வழு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வாசலிலிருந்து நண்பன் அழைக்கிறான். இவன் இலையை விட்டு எழாமலே "வந்துட்டேன், வந்துட்டேன்" என்கிறான். இது பொய்யன்று, விரைவு பற்றி வந்த கால வழுவமைதி என்று பவணந்தியார் விட்டுவிடுகிறார். சாம்பார் சோற்றின் முன் இருப்பவனின் விரைவுக்கே இந்தச் சலுகை என்றால், மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் வண்டியை வர்ணிப்பவனுக்கு? அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 83 மீட்டர். ஒரு வாக்கியம் முடிய மூன்று நொடி ஆனால், எழுவாயைச் சொன்ன இடத்திலிருந்து கால் கிலோமீட்டர் தள்ளித்தான் பயனிலை கிடைக்கும். (வினைமுற்றைக் கடைசியில் வைத்திருக்கும் நம் மொழியில் இந்தத் தொழில் இன்னும் கஷ்டம்.)

சான்று: மொனாக்கோ, 1982. லேசான தூறல். மூன்று சுற்றுகூட மீதமில்லாத நிலையில் முதலிடத்திலிருந்த புரோஸ்ட் தடுப்பில் மோதினார். பத்ரேஸே முன்னே வந்தார். வந்தவர் கொண்டையூசி வளைவில் சுழன்று நின்றார். அடுத்து பிரோனி, கடைசிச் சுற்றில் சுரங்கப் பாதைக்குள் அவர் வண்டி செத்தது. டி செசாரிஸ் வெல்வார் என்றால் அவருக்குப் பெட்ரோல் இல்லை. டேலிக்கு கியர்பாக்ஸ் போயிற்று. இதற்கிடையில் பத்ரேஸே இறக்கத்தில் வண்டியை உருட்டி உயிர்ப்பித்து, சுற்றை முடித்து வென்றார். வென்றது தாம்தான் என்பது அவருக்கே தெரியாது. அந்த ஐந்து நிமிடத்தில் யார் ஜெயிக்கிறார் என்று சொன்ன எந்த வாக்கியமும் முற்றுப்புள்ளி வரை மெய்யாக இருந்திருக்க முடியாது. அற்றேல், உறுதியான பின் சொல்லலாமே எனின், அற்றன்று. உறுதியான பின் சொல்வதற்குச் செய்தித்தாள் இருக்கிறது. தாம் தவறு செய்வதில்லை, உடனே பொய்த்துப்போகும் ஆரூடங்களைத்தான் சொல்கிறோம் என்பது வாக்கரின் கட்சி. பவணந்தியார் இதை ஏற்றிருப்பார் என்றே தோன்றுகிறது.

அடுத்து, திணை வழு. உவகை மிகுந்து பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பவனுக்கு இலக்கணத்தில் இடமுண்டு. பந்தயத்தில் இது தலைகீழாக நடக்கிறது. 1986, அடிலெய்டு: மூன்றாவதாக வந்தாலே நைஜல் மான்செல் உலக சாம்பியன். நேர்ப்பாதையில் இடது பின்சக்கர டயர் வெடித்துத் தீப்பொறி பறந்தது. வாக்கரின் அலறலில் முந்தி வந்தது மான்செல் என்ற பெயர்தான். வண்டி பிறகே வந்தது. வர்ணனையில் டயர் வெடிக்காது, ஆள்தான் வெடிப்பார். டேங்க் காலியாகாது, ஆள்தான் காலியாவார். காரில் ஒரு கோளாறும் இல்லை, தீப்பிடித்திருக்கிறது என்பதைத் தவிர, என்று வாக்கர் பெயரில் ஒரு வாசகம் வழங்குகிறது. அதை எந்த வழுவில் சேர்ப்பது என்று உரைகாரர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பேசாமையை நன்னூலார் வழுவாகக் கொள்ளவில்லை. 1996இல் சுசூகாவில் டேமன் ஹில் சாம்பியன் ஆனபோது, தொண்டை அடைக்கிறது, நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி வாக்கர் நிறுத்தினார். ஐம்பதாண்டுக் கூச்சலால் சம்பாதித்த நிறுத்தம் அது. புதியவர்கள் முயல வேண்டாம்.

எஞ்சியிருப்பது ஜேம்ஸ் ஹன்ட். 1976இன் உலக சாம்பியன். 1980 முதல் வாக்கரின் கூட்டாளி. ஒருவர் மேல் ஒருவர் பேசாதிருக்க, இருவருக்கும் ஒரே மைக். ஒருவர் பறிக்க, மற்றவர் முறைக்க, கைகலப்பு வரை போனதும் உண்டு. 1989 மொனாக்கோவில் முன்னணி வண்டிகளுக்கு வழிவிடாமல் ஊர்ந்துகொண்டிருந்தார் ஆர்னூ. டர்போ இல்லாத வண்டி அவருக்குப் பழகவில்லையாம் என்று அவர் தரப்பு நியாயத்தை வாக்கர் பொறுப்பாக எடுத்துரைத்தார். ஹன்ட் அதற்கு நேரலையில் தந்த மறுமொழி, மாட்டுச் சாணம் தொடர்பான ஒற்றைச் சொல். சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்ல இடக்கரடக்கல் என்று ஓர் ஏற்பாட்டை இலக்கணம் செய்து வைத்திருப்பதே இத்தகைய இடங்களுக்காகத்தான். ஹன்ட் அதைப் பயன்படுத்தவில்லை. விரைவு, உவகை, மிகுதி என்று எந்தக் காரணமும் இங்கே செல்லாது. ஆர்னூவின் வண்டி அவ்வளவு மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பவணந்தியார் மன்னித்திருக்க மாட்டார். பிபிசி மன்னித்தது, 1993இல் ஹன்ட் இறக்கும் வரை அந்த மைக்கில் பாதி அவருடையதாகவே இருந்தது.