பன் ரவுண்டானா

பெங்களூரு ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, இரண்டு பக்கமும் வண்டி நிறுத்திய சந்துக்குள் நுழைந்தால் ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்கு அங்கே வெளிநாட்டில் பைக் ஓட்டும் பாடம் நடக்கும். கட்டணம் ஒரு டீ.

பாடம் எடுப்பவர் அறுபதைத் தாண்டியவர், மில் தொழிலாளி பிள்ளை. தெருவில் பெயர் 'ஃபாரின் அண்ணா'. கிரிக்கெட் அண்ணா, வாஸ்து அண்ணா மாதிரி இந்த ரகமும் ஓகளிபுரம் வரைக்கும் அங்கங்கே உண்டு. அவர் வெளிநாடு போனது ஒரே தடவை. தாய்லாந்துக்கு நாலு நாள் டூர், அதில் ஒன்றரை நாள் வாடகை ஸ்கூட்டர். அந்த ஒன்றரை நாளின் வட்டியில்தான் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய உயிர்ப்பாடம், வலது பக்கம் ஓட்டுவது. தாய்லாந்திலும் நம்மைப் போல இடது பக்கம்தானே என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்கு எல்லார் டீயும் நம் கணக்கு.

கல்லாவுக்குப் பக்கத்து மேடையில் ஒரு பன்னை வைப்பார். அது ரவுண்டானா. டீ கிளாஸ்தான் வண்டி.

"நம்ம ஊர்ல எப்படிச் சுத்துவ? பிரதட்சிணம். சாமி உன் வலது கைப் பக்கம். துபாய்ல அப்பிரதட்சிணம். கோயில் சுத்துற பழக்கத்துல போனியா, எதிர்ல லாரி."

கிளாஸ் பன்னை இடமாகச் சுற்றும். மேடையில் ஈர வட்டம் விழும். கடைக்காரர் துணியால் சாலையைத் துடைத்துவிடுவார்.

"நடு ரோட்ல யாரும் தப்பு பண்ணமாட்டான். பெட்ரோல் பங்க்ல டாங்க் ரொப்பிக்கினு வெளிய வருவ பாரு, காலங்காத்தால, ரோட்ல ஒரு ஈ காக்கா இருக்காது, அப்பதான் கை தானா இடது பக்கம் போவும்."

சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மனுஷன் சொல்வது எல்லாமே சரி. அதுதான் எங்களுக்குச் சங்கடம். வாடகை வண்டி எடுத்தால் பழைய கீறல்களை அவன் கண்ணெதிரே போட்டோ எடு. பாஸ்போர்ட்டை அடமானம் வைக்காதே. லைசென்ஸ் செல்லாத ஊரில் விழுந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான். மலேசியாவில் ஃபெடரல் ஹைவேயில் பைக்குக்கென்றே தனிப் பாதை. பிலிப்பைன்ஸில் 400 சிசிக்குக் குறைந்த வண்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறக் கூடாது. இதெல்லாம் ஸ்ரீராம்புரத்தில் யாருக்கு வேண்டும் என்றால், அவருக்கு வேண்டும்.

சொல்வதோடு நிற்பவரும் இல்லை. சம்பிகே ரோட்டில் மஞ்சள் விளக்கு விழுந்தால் வண்டியை நிறுத்திவிடுவார். பின்னால் வருகிறவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் அவர் வம்சத்தை விசாரிப்பார்கள். பின்சீட்டுக்கும் ஹெல்மெட் என்று கர்நாடகத்தில் 2016 ஜனவரியில் சட்டம் வந்ததே, அதற்கு முன்னாலேயே மனைவிக்கு ஒன்று வாங்கிவிட்டார். "எனக்கு எந்த ஃபாரினும் வேணாம், மல்லேஸ்வரம் மார்க்கெட் போனா போதும்" என்று அந்தம்மா நடந்தே போனார்.

போன வருஷம் எதிர் வீட்டு ஐ.டி. பையன் வியட்நாம் கிளம்பினான். ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக் ஓட்டுவதாகத் திட்டம். ஆர்.டி.ஓ.வில் ஆயிரம் ரூபாய் கட்டி எடுத்த ஐ.டி.பி., அதாவது வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்கான பர்மிட் புத்தகத்தைப் பெருமையாக நீட்டினான். ஒரு வருஷம் செல்லும், அண்ணா.

அண்ணா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அட்டையைப் பார்த்தார். "இது நாப்பத்தொம்போது. அங்க அறுபத்தெட்டு."

பையன் பஸ் நம்பர் என்று நினைத்திருப்பான்.

"ரெண்டு பஞ்சாயத்துடா. 1949ல ஜெனீவாவுல ஒண்ணு, 1968ல வியன்னாவுல ஒண்ணு. நம்ம லைசென்ஸ் மொத பஞ்சாயத்து. வியட்நாம் ரெண்டாவதுல மட்டும்தான் சேந்துக்கிச்சு. இத அங்க காட்டினா போலீஸ்காரன் விசிறிக்குவான்."

பையன் போனில் தேடினான். முகம் மாறிவிட்டது. அந்த டீக்கடையில் முதல் முறையாக அண்ணா ஜெயித்த நாள் அது. ஜெயித்தவர் வாயே திறக்காமல் ரவுண்டானாவில் பாதியைப் பிட்டு டீயில் தோய்த்துக்கொண்டார்.

பையன் கடைசியில் அங்கே பின்சீட்டில்தான் உட்கார்ந்து போனான். உள்ளூர்க்காரர் ஓட்ட, நாம் பின்னால் உட்காருகிற ஏற்பாட்டுக்கு அங்கே ஈஸி ரைடர் என்று பேர். மலை, மேகம், கீழே நூல் மாதிரி ஆறு, முன்னால் வியட்நாம்காரர், பின்னால் நம்ம பையன் என்று ஒரு படம் வந்தது. கடையில் போன் கைமாறிக் கைமாறி அண்ணாவிடம் போனது. இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினார். மலையைத் தள்ளினார், மேகத்தைத் தள்ளினார், பையன் தாடைக்கு வந்து நின்றார்.

"பட்டி மாட்டல பாரு."