பதினோர் உருப்படிகள்

மியூனிக்,
ஜனவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

"லீவு விட்டால் குழந்தைகளை வீட்டில் வைத்து வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடாமல், பனியில் ஊர் ஊராக இழுத்தடிக்கிறாயாமே!" என்று நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு, நான் வாயெடுப்பதற்குள் நீயே பதிலையும் சொல்லித் தீர்ப்பும் கூறிவிட்டபடியால், என் கட்சியை இப்போது எழுத்துமூலம் சமர்ப்பிக்கிறேன்.

வியன்னாவுக்கு நாங்கள் போனது உண்மை. மாயவரத்து மார்கழிக் குளிரிலிருந்து இன்னும் ஓர் இருபது டிகிரியைக் கழித்துக்கொண்டால் அவ்வூரின் டிசம்பர் உனக்குக் கிடைத்துவிடும். அதிலும் மாலை நாலு மணிக்கெல்லாம் சூரிய பகவான் கடையைக் கட்டிவிடுகிறார். ஆகவே பார்க்கவேண்டியதைப் பகலிலேயே பார்த்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்தோமானால், உள்சட்டை, உள்கால்சட்டை, கம்பளிச் சட்டை, கால்சட்டை, அதன்மேல் பனிக் கால்சட்டை, சாக்ஸ், பூட்ஸ், கோட்டு, மஃப்ளர், கையுறை, குல்லாய் என்று, ஜோடிகளை ஒன்றாக எண்ணியே தலைக்குப் பதினோர் உருப்படிகளை இரண்டு குழந்தைகளுக்கும் மாட்டி, கடைசிப் பொத்தானையும் போட்டு நிமிரும் அந்தப் புண்ணிய முகூர்த்தத்தில், சின்னவள் மெதுவாக, "அப்பா, ஒண்ணுக்கு வருது" என்பாள். பதினோர் உருப்படிகளும் வந்த வழியே திரும்பும். அலங்காரமும் களைவதுமாக ஒரு நாளைக்கு ஆறு காலம் நடக்கிற இந்தக் கைங்கரியத்தைப் பார்த்தால் நம் மாயூரநாதர் கோயில் குருக்களே என்னைத் தம் கோஷ்டியில் சேர்த்துக்கொள்வார்.

1889-இல் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்று ஒரு மாளிகை அங்கே இருக்கிறது. 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அதன்மேல் எனக்கு விசேஷமான பக்தி. கோட்டுகளை வாசலில் ஒப்படைத்து வில்லை வாங்கிக்கொண்டு, டைனோசர் எலும்புகளின் கீழே பெரியவனை நிறுத்தி, வாயைப் பிளந்தது எலும்புக்கூடா அவனா என்று தெரியாதபடி ஒரு படமும் பிடித்தோம். அப்புறம் வெளிச்சத்தை மங்கலாக வைத்திருந்த ஒரு சின்ன அறைக்குள் போனோம். 1908-இல் டான்யூப் நதிக்கரையிலுள்ள வில்லெண்டார்ஃப் என்னும் கிராமத்தில் கிடைத்ததாகச் சொல்லும் பதினோரு சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பெண் உருவம் அங்கே இருந்தது. வயது சுமார் 29,500 ஆண்டு. மேனியில் நூலிழைகூட இல்லை; ஆனால் தலையை மாத்திரம், கண் மூக்கு ஒன்றும் தெரியாமல், பின்னல் பின்னலாக ஏதோ ஒன்று சுற்றி மூடியிருக்கிறது. அது கேசமா, பின்னிய குல்லாயா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்க, உன் மருமகள் கண்ணாடிமேல் மூக்கை அழுத்தி ஒரு கணம் பார்த்துவிட்டு, "அத்தை அனுப்பின குரங்குக் குல்லா!" என்று கூடமெல்லாம் எதிரொலிக்கக் கூவி விவகாரத்தை முடித்துவிட்டாள். நீ பட்டமங்கலத் தெருவில் வாங்கி அனுப்பிய அதே பழுப்பு நிறக் குல்லாய்தான், அக்கா. சிநேகிதர்கள் சிரிப்பார்கள் என்று இரண்டு வருஷமாக அதைத் தொடாதிருந்த இரண்டும், முப்பதாயிரம் வருஷத்துச் சம்பிரதாயம் என்று தெரிந்ததும் மறுநாள் முதல் அதற்காகச் சண்டை போடுகின்றன.

பிராட்டர் என்னும் தோட்டத்தில் 1897-இல் நிறுத்திய ராட்சத ராட்டினத்திலும் ஏறினோம். ஏறக்குறைய 65 மீட்டர் உயரம். ஆதியில் முப்பது பெட்டிகள் இருந்து, யுத்தத்தில் எரிந்துபோனபின் மறுபடி கட்டியபோது பதினைந்தோடு நிறுத்திக்கொண்டார்களாம். அது சுற்றும் நிதானத்தைப் பார்த்தால் நம் கடைமுழுக்குத் திருவிழா ராட்டினத்துக்காரன் வெட்கித் தலைகுனிவான். உச்சியில் நகரம் முழுவதும் வெண்பொங்கல் கொட்டியதுபோல் கிடக்க, நான் ரசித்துக்கொண்டிருந்த வேளையில் பெரியவன், "இது எப்போ சுத்த ஆரம்பிக்கும்?" என்றான்.

பிராகுக்கும் போய்வந்தோம். அங்கே 1410-இல் செய்த கடியாரத்தில், மணியடிக்கும்போது எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுக்க, அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வரிசையாய் வந்து போவார்கள். அதற்காக நாற்பது நிமிஷம் நின்று கால் மரத்துப்போனதும், அது ஒரு நிமிஷத்துக்குள் முடிந்ததும், அந்த ஒரு நிமிஷத்தில் நான் குனிந்து சின்னவளின் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்ததும் தவிர அவ்வூரைப்பற்றி நான் சாட்சியம் சொல்ல ஒன்றுமில்லை.

இனிக் கையுறை விவகாரம். வியன்னாவில் ஷோன்ப்ரூன் அரண்மனை வாசல் சந்தையில் குழந்தைகளுக்கென்று பழரசத்தில் மசாலா போட்டுச் சுடச்சுடப் பஞ்ச் விற்கிறார்கள். (நான் குடித்ததும் அதுதான், உன் தம்பி மனைவியைக் கேட்டுக்கொள்.) கோப்பைக்கு முன்பணம் கட்டவேண்டும், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். கோப்பையைக் கொடுக்கமாட்டேன் என்று சின்னவளும், பணத்தை விடமாட்டேன் என்று நானும் நடத்திய போராட்டத்தில் அவளுடைய சிவப்பு வலக்கை உறை எங்கோ விழுந்துவிட்டது. அன்று ராத்திரி அழுகை அடங்கப் புது ஜோடி வாங்கினோம்; மிஞ்சியிருந்த இடக்கை உறையை உன் தம்பி மனைவி ஹோட்டல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அதே வழியாகப் போகும்போது தோட்டத்து இரும்பு வேலியின் கம்பி நுனியில் அந்தச் சிவப்பு உறை, ஐந்து விரலும் விறைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அபய முத்திரை காட்டிக்கொண்டிருந்தது. கீழே கிடக்கும் ஒற்றைக் கையுறையை எடுத்து, தேடி வருகிறவர் கண்ணில் படும்படி வேலியில் மாட்டிவிட்டுப் போவது இந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம். யார் மாட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆக, எங்களிடம் இப்போது மூன்று உறைகள். இரண்டு கைக்கு மூன்று எதற்கு என்று ரயிலில் நெடுநேரம் யோசித்த உன் மருமகள், அந்தச் சிவப்பு உறையை உனக்கு அனுப்பவேண்டும் என்கிறாள். மார்கழி மாதம் அத்தை விடியற்காலையில் கோலம் போடும்போது கை விறைக்கும், கோலத்துக்கு ஒரு கைதானே வேண்டும் என்பது அவள் கட்சி. உன் சுண்டுவிரலைத் தவிர வேறெதுவும் அதற்குள் நுழையாது. மார்கழி முடிவதற்குள் வந்து சேருமா என்பதும் சந்தேகம். இருந்தாலும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி