கறிவேப்பிலையின் ஹேமந்த வாசம் குறித்து ஓர் ஆராய்ச்சி

கனடா தேசத்து டொராண்டோ மாநகரின் கிழக்குப் பாகமாகிய ஸ்கார்பரோவிலும் அதற்கு வடக்கே அமைந்த மார்க்கத்திலும், 1983-ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெருந்தொகையாக வந்து குடியேறிய ஈழத் தமிழர் இல்லங்கள் பலவற்றில், தெற்கு நோக்கிய ஜன்னல் என்பது மனிதரின் உபயோகத்துக்கு உரியதன்று. புரட்டாசி முடிவதற்குள் அவ்விடம் ஒரு சாடியிலே நிற்கும் கறிவேப்பிலைச் செடிக்குச் சாசனமாகிவிடுகிறது. சோபா நகர்கிறது, தொலைக்காட்சிப் பெட்டி நகர்கிறது, மேசையை இழந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை புத்தகங்களோடு சமையலறைக்குப் பெயர்கிறது. இத்துணைப் பெரிய ஸ்தான மாற்றத்தின் காரண காரியங்களைப் பற்றி முறையான விசாரணை எதுவும் நடைபெறாதிருப்பது அறிவுலகத்துக்கே ஒரு குறை என்று கருதி, அக்குறையை நிவர்த்திப்பான் வேண்டி இச்சிறு நிபந்தத்தை இயற்றத் துணிந்தோம்.

முதற்கண், செடியின் குலகோத்திரம். 1771-ஆம் ஆண்டில் இதற்கு நாமகரணம் செய்தவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். தம் மாணாக்கராய் இருந்து, பின்னர்த் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, அங்கிருந்தபடியே தென்னாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்த கோனிக் என்பவரின் ஞாபகார்த்தமாக அவர் இதனைப் ‘பெர்கெரா கோனிகி’ என்றார். பிற்காலத்தவர் ‘முர்ராயா’ என்னும் வேறு பேரினத்துக்கு இதைத் தத்துக் கொடுத்தார்கள். அண்மைக் காலத்துப் பண்டிதர்கள் பிறந்த வீட்டுக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இந்த வியாஜ்யம் நமக்கு வேண்டியதில்லை. வேண்டியது யாதெனில், நாரத்தை, எலுமிச்சை, தோடை ஆகிய யாவும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பமே கறிவேப்பிலையும் என்பதாம். இவ்வுறவை மனத்திலே இருத்திக்கொண்டால், நாம் ஸ்தாபிக்கப் புகும் சித்தாந்தம் எளிதில் விளங்கும்.

பிரான்ஸ் தேசத்து மன்னன் பதினான்காம் லூயிக்குத் தோடை மரங்களின்மீது தீராத மோகம் இருந்தது. பனியிலே அவை மடிந்துவிடும் ஆதலால், 1684 முதல் 1686 வரை மான்சார் என்னும் சிற்பியைக் கொண்டு வெர்சேல்ஸ் அரண்மனையில் நூற்றைம்பது மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மண்டபம் ஒன்றை அவன் எடுப்பித்தான். தடித்த சுவர்கள், தெற்கு நோக்கிய உயர்ந்த ஜன்னல்கள்; மரங்களோ சதுரமான மரப்பெட்டிகளில் நின்றன. இன்றளவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் அங்கே அக்டோபரில் உள்ளே எழுந்தருளி மே மாதத்தில் வெளியே புறப்படுகின்றன. அதே குடும்பத்துச் செடி, அதே திசை ஜன்னல், அதே மாதங்கள்! ஸ்கார்பரோவின் வரவேற்பறை வெர்சேல்ஸ் மண்டபத்தின் நேர் வாரிசு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவோர் வீண் விதண்டாவாதிகளே ஆவர். ஒரு பேதம் உண்டென்பதை மறைக்க மாட்டோம். மன்னன் தன் மரத்தைத் தானே தூக்கியதில்லை. இங்கோ, முதுகுவலிக்காரராகிய குடும்பத் தலைவர், நனைந்த மண்ணோடு கூடிய சாடியை மார்போடு அணைத்தபடி கொல்லைக் கதவின் நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே வருகிறார். மனைவியாரின் கவலை முழுவதும் கிளையைப் பற்றியதாகவே இருக்கிறது.

உள்ளே கொணரும் காலத்தை நிர்ணயிப்பதில் நம்மவர் மூன்று பிரமாணங்களையும் கையாளுகின்றனர். வானிலை அறிக்கை ஆப்தவாக்கியம். இரவில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் என்று அது சொன்னதும் வீட்டிலே பரபரப்பு உண்டாகிறது. அயல்வீட்டுக் காரின் கண்ணாடியில் விடியற்காலையில் வெண்படலம் கண்டு, ‘நாளை நம் செடிக்கும் இதே கதி’ என்று துணிவது அனுமானம். பிரத்யட்சத்தை நம்பி இருந்தவரின் செடியோ கறுத்துத் தொங்கும். ஆதலின் இத்துறையில் பிரத்யட்சமே பிரமாணங்களுள் கடைப்பட்டது என்பது நையாயிகர் கவனிக்கத் தக்க புதுக் கண்டுபிடிப்பு. மெய்யான நுட்பம் வேறொன்று. வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே செடி உள்ளே வந்துவிட வேண்டும், அப்பொழுதுதான் உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் பேதம் சொற்பமாக இருக்கும், செடியும் திடுக்கிடாது.

வருவதற்கு முன் பரிசோதனை உண்டு. இலைகளின் அடிப்புறத்தில் நூலாம்படை போல் மெல்லிழை ஓடுகிறதா, தண்டிலே பழுப்பு நிறச் செதில்கள் அப்பியிருக்கின்றனவா, இலையைத் தொட்டால் பிசுபிசுக்கிறதா என்று ஒவ்வொரு கொத்தாகத் திருப்பிப் பார்த்து, சவர்க்கார நீரால் கழுவி, மேல்மண்ணைக் கிளறி, சந்தேகத்துக்கு இடமானவற்றைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, அதன் பின்னரே உள்ளே அனுமதிக்கின்றனர். தாங்களே ஒரு காலத்தில் விமான நிலையத்து மேசை முன்னே நின்று இவ்வாறு கேள்வி கேட்கப்பட்டவர்கள் ஆதலால், இக்காரியத்தை அவர்கள் அலட்சியமாகச் செய்வதில்லை. புதினாவுக்கு இந்த உபசாரம் எதுவும் கிடையாது. அது பனிக்கடியில் அழிந்தாற்போலக் கிடந்து வசந்தத்தில் தானே தளிர்த்துவிடும். தன்னைத் தானே காத்துக்கொள்வார்க்கு இவ்வுலகில் மதிப்பு ஏது? துளசியோ நேர்மாறு, குளிரின் வாடை பட்ட மாத்திரத்தில் கறுத்துவிடுகிற அது, பக்தியின் காரணமாகவும் முன்னிடம் பெறுகிறது.

உள்ளே வந்தபின் எவ்விடத்தில் வைப்பது என்பதில் ஆசாரியர்கள் இரு கட்சியினர். ஜன்னல் கட்சியினர் ஒளியே பிராணன் என்பர். பேஸ்மென்ட் என வழங்கும் நிலவறைக் கட்சியினரோ, செடி உறங்க விரும்பினால் உறங்க விடுவதே தர்மம், குளிர்ந்த இடத்தில் அற்ப நீரோடு கிடந்தால் வசந்தத்தில் எழும் என்பர். லண்டன் நகரத்தை அடுத்த கியூ தோட்டத்தில் 1761-இல் சேம்பர்ஸ் என்பார் கட்டிய தோடை மண்டபம் பார்வைக்கு அழகாக அமைந்தும், உள்ளே வெளிச்சம் போதாமையால் மரங்கள் செழிக்கவில்லை என்னும் சரித்திரம் முதற் கட்சிக்கு அனுகூலமானது. எனினும் ஜன்னலுக்கும் தோஷங்கள் உண்டு. கண்ணாடியைத் தொட்ட இலை இரவில் உறைந்து கருகும். கீழேயிருந்து வீசும் ஹீட்டரின் வறட்காற்றிலே செஞ்சிலந்திப் பேன் பெருகும். இதன் பொருட்டுக் கூழாங்கற்கள் பரப்பிய தட்டில் நீர் ஊற்றி அதன்மேல் சாடியை ஏற்றி வைக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும், மார்கழியில் செடி இலை உதிர்க்கிறது. டொராண்டோவில் அப்போது பகற்பொழுது ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. அதனால் இஃது இயற்கையே. ஆனால் இயற்கை என்று சொல்லி எந்த இல்லத்தரசியைத் தேற்ற முடியும்? தொலைபேசி ஒலிக்கிறது.

“அக்கா, முழுக்கக் கொட்டிப்போட்டுது. தடிதான் நிக்குது.”

“பயப்பிடாதை, பிள்ளை. நகத்தால மெல்லச் சுரண்டிப் பார். உள்ளுக்குப் பச்சை தெரிஞ்சால் உயிர் இருக்கு. தண்ணியை மட்டும் ஊத்திப்போடாதை.”

இந்தக் கடைசி வாக்கியத்தில் சாஸ்திரத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வெளிச்சமும் இலையும் குறைந்த செடி நீரை உறிஞ்சுவதும் குறைவு, குளிர்ந்த மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று எட்டாது, வேர் அழுகும். இந்த ஜன்னல்களில் தாகத்தால் இறந்த செடிகளைக் காட்டிலும் பரிவால் இறந்தவையே மிகுதி என்று துணிந்து கூறலாம். பசளையும் அவ்வாறே, பங்குனி வரை அதற்கு உபவாசம்.

இனி, ஆராய்ச்சியின் நடுநாயகமான புதிருக்கு வருவோம். கறிவேப்பிலைச் செடி எதன் பொருட்டு? தாளிதத்தின் பொருட்டு. ஆயினும் ஐந்தாறு மாத காலம் அச்செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளவும் வீட்டாரில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும் வேளையிலே, குடும்பத் தலைவர் பனிச்சப்பாத்து அணிந்து, காரின்மீது கிடக்கும் பனியைச் சுரண்டித் தள்ளி, தமிழ்க்கடைக்குச் சென்று, பிளாஸ்டிக் பையில் அடைத்த கறிவேப்பிலையை விலை கொடுத்து வாங்கி வருகிறார். வாங்கிய இலை குழம்பிலே விழுந்து, கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டு, குப்பைக்குப் போகிறது. காரியம் முடிந்ததும் வீசப்படுபவனுக்கு உவமையாக நம்மவர் காலங்காலமாய்ச் சொல்லி வந்த வஸ்து எதுவோ, அதுவே இங்கே ஜன்னலோரத்தில் ராஜோபசாரம் பெறுகிறது. பயன்படுகிற இலைக்கு அவமதிப்பு, பயன்படாத மரத்துக்குச் சம்ரக்ஷணை என்னும் இவ்விபரீதத்தைப் பொருளாதார நூலார் எவரும் விளக்கினாரில்லை.

மே 25-ஆம் தேதிக்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா மகாராணியின் பெயரால் விடுமுறை. அதன் பின்னரே செடி வெளியேறும். முதல் வாரம் நிழலில், பிறகு வெயிலில். இதில் ஆராய ஒன்றுமில்லை.

எஞ்சியிருப்பது யாத்திரைப் பிரச்சினை. பள்ளி விடுமுறையை ஒட்டி மார்கழியில் யாழ்ப்பாணம் போக எண்ணும் குடும்பம் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, செடியை யார் பார்ப்பார் என்பதே. ஊரிலே கிணற்றடியில், குளித்த நீரும் அரிசி கழுவிய நீரும் ஓடும் வாய்க்காலோரத்தில், எவருடைய பராமரிப்பும் இன்றிக் கூரைக்கு மேலே வளர்ந்து நிற்கும் கறிவேப்பிலை மரத்தைக் காணப் போகிறவர்கள், இங்கே இடுப்பளவு நிற்கும் ஒன்றன் பொருட்டுப் பயணத்தைச் சுருக்கிக்கொள்கிறார்கள். முடிவில் அடுத்த தெருவிலிருக்கும் உறவினரிடம் வீட்டுத் திறப்பு ஒப்படைக்கப்படுகிறது. விரலைவிட்டுப் பார்த்து, மண் இரண்டு அங்குலம் காய்ந்திருந்தாலன்றி நீர் வார்க்கலாகாது என்பது உத்தரவு. அவரும் பனியில் நடந்து வந்து, விரலை விட்டுப் பார்த்து, ஒன்றும் செய்யாமல் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்புகிறார். ஒன்றும் செய்யாதிருப்பதற்குத் தாம் எதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. அவர் வீட்டு ஜன்னலிலும் ஒன்று நிற்கிறது. தை மாதத்தில் அவருக்கும் ஊருக்குப் போகவேண்டிய காரியம் இருக்கிறது.