தாளாளர் பெருமான் மெய்க்கீர்த்தி

திருமகளும் கலைமகளும் ஒரே ரசீதுப் புத்தகத்தில் சேர்ந்து வீற்றிருக்க, பதினொரு நிலை ராஜகோபுரமும் நாணும்படி வாசல் வளைவு எழுப்பி, மஞ்சள் வேன் படையை எட்டுத் திக்கும் செலுத்தி, மாட வீதி முதல் செங்கம் சாலை வரை பால்மணம் மாறாத சிற்றரசர்கள் அனைவரையும் திறை கட்ட வைத்த நம் திருவண்ணாமலை நர்சரிப் பள்ளித் தாளாளர் பெருமான்களின் புகழை எந்தக் கல்லில் வெட்டுவது? அண்ணாமலையார் கோயில் மதில் முழுவதும் கல்வெட்டு நிறைந்து கிடக்கிறது. மிச்ச இடம் போதாது. ஆகவே தாளில் எழுதுகிறேன்.

ஒரு பிள்ளை பள்ளிக்கு எப்போது தயாராகிறது என்ற கேள்வியோடு உலகத்து அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜெர்மனியின் ஃப்ரோபெல் விளையாட்டையே பாடமாக்கிப் பிள்ளைகளைக் காத்திருந்து கவனித்தார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து, குழந்தையைப் பார்ப்பது எப்படி என்று நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பின்லாந்துக்காரர்கள் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பைத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது; 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது. ஐந்தா ஆறா என்று அரசுகள் வழக்காடிக்கொண்டிருக்கட்டும். நம் தாளாளர் பெருமான் இரண்டரை வயதிலேயே பிரீ.கே.ஜி. என்று ஒன்றை வைத்து வழக்கை முடித்துவிட்டார்.

இது அடிமுடி காணாத தலம். திருமால் வராகமாகிப் பூமியைக் குடைந்தார், அடி தெரியவில்லை. நான்முகன் அன்னமாகி ஆகாயத்தில் பறந்தார், முடி தெரியவில்லை. அந்த இருவரும் தோற்ற ஊரிலேயே, நம் பெருமான் ஏசி அறையில் சுழல் நாற்காலியை விட்டு எழாமல், ஒரு பிள்ளையின் அடியையும் முடியையும் பத்து நிமிடத்தில் கண்டுவிடுகிறார். அந்தத் திருவிளையாடலுக்கு இன்டர்வியூ என்று பெயர்.

அதைக் காணக் கண் கோடி வேண்டும். அம்மா புதுப் புடவையில், அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், நடுவே பவுடர் அப்பிய முகத்தோடு நாற்காலி நுனியில் கால் தரைக்கு எட்டாமல் பிள்ளை. மேசை மேல் ஓர் ஆப்பிள் படம். என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் கேள்வி. பிள்ளை தயங்காமல், "செவப்பு" என்கிறது. நிறத்தைச் சரியாகச் சொன்ன அந்தக் குற்றத்தைப் பெருமான் உடனே குறித்துக்கொள்கிறார். "வீட்ல ரெட்டுன்னுதான் சார் சொல்லுவான், புது எடம், பயந்துட்டான்" என்று அம்மா மன்றாடுகிறார். பிள்ளைக்கோ பயமே இல்லை. ஜன்னலைக் காட்டி, "அதோ பாரு மலை" என்கிறது. பெருமானின் முகத்தை உற்றுப் பார்த்து, "தாத்தா, ஒனக்கு மீசை ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்கிறது. புது இடத்தில் அஞ்சாமல், முன்பின் அறியாதவரிடம், கண்ணில் பட்டதைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளை! இப்பேர்ப்பட்ட பெருங்குறையை முளையிலேயே கண்டுகொண்ட மதியூகத்தை என்னென்பது? "கொஞ்சம் டிசிப்ளின் தேவைப்படுது, சேத்துட்டா சரியாய்டும்" என்று அருள்வாக்கு பிறக்கிறது. பில்டிங் ஃபண்டுக்கான தொகை தனித் துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்தப்படுகிறது. அதற்கு மட்டும் ரசீது கிடையாது. மகான்கள் செய்யும் அனுக்கிரகத்துக்கு ஏது ரசீது?

நம் முன்னோர் இந்த ஞானம் இல்லாமல் வாழ்ந்ததை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் பிள்ளையை நிற்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதில் பட்டால் சேர்த்துக்கொள்வார். படாவிட்டால், "அடுத்த வருசம் கூட்டியாங்க" என்று கற்கண்டு கொடுத்து அனுப்பிவிடுவார். உடம்பு வளர்ந்திருக்கிறதா என்று உடம்பிடமே கேட்ட அநாகரிகம்! ஓர் ஆண்டு தள்ளிப்போனால் பிள்ளை ஆற்றங்கரையிலும் புளியந்தோப்பிலும் ஓடும், பாட்டியிடம் கதை கேட்கும், மண்ணில் வீடு கட்டும், இடிக்கும், மறுபடி கட்டும். இவற்றால் கைக்கு வலுவும் வாய்க்குச் சொல்லும் வந்தன என்று சொல்வோர் உண்டு. ஆனால் ஓராண்டுக் கட்டணம் வீணாய்ப் போயிற்றே, அதற்கு யார் பதில் சொல்வது? விஜயதசமியன்று தட்டில் பச்சரிசி பரப்பி, விரலைப் பிடித்து ஓர் எழுத்து எழுதவைத்து, மிச்ச நாளெல்லாம் விளையாட விட்டார்கள். ஒரே ஓர் எழுத்து! பெருமானின் பள்ளியில் அதே வயதுப் பிள்ளை ஒரே மாலையில் நான்கு பக்கம் எழுதி நிற்கிறது.

அந்த எழுத்துப் பணியின் மாண்பைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மனித மணிக்கட்டில் சிற்றெலும்புகள் எட்டு. பிறக்கும்போது அவை எலும்பே அல்ல, குருத்து. மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக இறுகியிருப்பதில்லை. ஏழு எலும்புகள் உருவாகவே ஏறக்குறைய ஆறு வயதாகிவிடும், எட்டாவது அதற்கும் பின்னால் வரும். கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களுக்கும் பொறுமையாக நின்று கும்பிட்டுப் போகும் ஊரில், இந்த எட்டு எலும்புக்கும் பெருமான் காத்திருக்க மறுத்தது அவருடைய வேகத்துக்குச் சான்று. பிள்ளை பென்சிலை முழுக் கையால் கடப்பாறையைப் போல் இறுக்கிப் பிடிக்கிறது. விரல் நுனி வெளுக்கிறது. நான்கு கோடு நோட்டில் கர்சிவ் எழுத்துக் கோட்டைத் தாண்டுகிறது. மிஸ் சிவப்பு மையில் சுழித்து, "இம்ப்ரூவ் ஹேண்ட்ரைட்டிங்" என்று டைரியில் எழுதுகிறார். அந்தக் குறிப்பைப் பிள்ளையால் படிக்க முடியாது. அம்மாவாலும் முடியாத வீடுகள் பல. ஆகவே டியூஷன் பிறக்கிறது. ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலைப் பிறப்பிக்கும் இந்தப் பொருளாதார மேதைமையை எவர் மெச்சாதிருப்பார்?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. பள்ளிகள் குறித்த வழக்கில் 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்றத்தின் பால் பெருமானுக்குள்ள பக்தி அளவிடற்கரியது. ஒன்றாம் வகுப்பில்தானே கூடாது? வீட்டுப்பாடத்தை எல்.கே.ஜி.யிலேயே கொடுத்து முடித்துவிட்டார்.

வயதுக் கணக்கிலும் அவருடைய கருணைக்கு எல்லையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் இங்கே எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஜூலை 31 எல்லை நாள். ஆகஸ்டு முதல் நாள் பிறந்ததும், அடுத்த ஜூலை கடைசி நாள் பிறந்ததும் ஒரே பெஞ்சில் உட்காரும். ஒன்றுக்கு நான்கு வயது, மற்றதற்கு மூன்று. வாழ்நாளில் கால் பங்கு வித்தியாசம். சின்னது நிக்கரை நனைத்தால், "இவன் ஸ்லோ" என்று ஐந்தாம் மாதத்திலேயே தீர்ப்பு எழுதப்படுகிறது. அந்த எல்லைக்கும் பத்து நாள் பிந்திப் பிறந்த பிள்ளைக்குத் தேதியைத் திருத்திக்கொண்டு வரும் பெற்றோரையும் பெருமான் புன்னகையோடு வரவேற்கிறார். நான்முகன் முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ இந்த மலையடியில்தான் பூசைக்கு ஆகாமற்போயிற்று. பாவம், அது பிறந்த காலம் சரியில்லை. இன்றைக்குச் சொல்லியிருந்தால் அட்மிஷன் கிடைத்திருக்கும்.

இவ்வளவு பெரிய திருப்பணிக்கு இடையூறு செய்தவர்களும் இருந்தார்கள். 1989இல் மாநிலங்களவையில் எழுந்து, புத்தகப் பை சுமந்து கூன் விழும் குழந்தைகளுக்காக எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பேசினார். பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993இல் அளித்த அறிக்கையில், நர்சரிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றது. பிஞ்சுகள் மேல் எழுத்தையும் எண்ணையும் திணிப்பதை வன்முறை என்றே அது சொன்னது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போய், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சலித்தெடுத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் என்றது. ஆயினும் அந்தச் சட்டத்தின் காவல் ஆறு வயது நிறைந்தவர்களுக்கே என்பதால், நர்சரிச் சேர்க்கைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் கூறிற்று. ஆறு வயதுப் பிள்ளையைச் சட்டம் காக்கிறது. தன் பெயரை முழுதாகச் சொல்லத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைக்குக் காவல் எதற்கு? அதுதான் பெருமானின் நிழலில் இருக்கிறதே!

இனி, இந்த வள்ளல்கள் தரும் பெருவாழ்வை மறுத்து அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1975 அக்டோபர் 2இல் நாடு தொடங்கிய திட்டம் அது. கட்டணம் இல்லை, டை இல்லை, ஷூ இல்லை. காலையில் பாட்டு, பிறகு விளையாட்டு, மதியம் சோறு, முட்டை, அப்புறம் பாய் விரித்துத் தூக்கம். அங்கன்வாடிப் பணியாளர் எடையைக் குறித்துவைக்கிறார். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கின. அங்கே போகும் பிள்ளை தானே சோற்றைப் பிசைந்து தின்கிறது. "ஒண்ணுக்கு வருது" என்று வெட்கப்படாமல் சொல்கிறது. அம்மா போன பின் சற்று நேரம் அழுது, பிறகு பக்கத்துப் பிள்ளையோடு பொம்மைக்குச் சண்டையிட்டு, பிறகு அதையே பகிர்ந்துகொள்கிறது. கதையை முடிவு வரை கேட்டு, "அப்புறம்?" என்கிறது. பள்ளிக்குத் தயாரான பிள்ளை இதுதான் என்று குழந்தை மருத்துவரும் அனுபவமுள்ள ஆசிரியரும் சொல்லக்கூடும். ஆனால் இவற்றில் ஒன்றையாவது ஆண்டு விழா மேடையில் ஏற்றி வீடியோ எடுக்க முடியுமா? கிளிக் கோபுரம் நிற்கும் ஊர் இது. அருணகிரியார் கிளியாகி அமர்ந்தது ஒரே ஒரு கோபுரத்தில். நம் பெருமானோ வருடந்தோறும் நூறு கிளிகளை மேடையில் வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்.

ஆதலால், திருவண்ணாமலைப் பெற்றோர்களே! பிள்ளை தயாரா என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழைய வழக்கத்தை இன்றோடு விட்டொழியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்துவிட்டதா, சீட்டு இன்னும் எத்தனை மிச்சம், இந்த இரண்டைப் பார்த்தால் போதும். விடியுமுன் டோக்கனுக்கு வரிசையில் நில்லுங்கள், நகையை அடகு வையுங்கள், "செவப்பு" என்ற சொல்லைப் பிள்ளையின் வாயிலிருந்து துடைத்தெறியுங்கள். வேன் படியில் ஏற மாட்டேன் என்று அது உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினால் கையைப் பிரித்துவிடுங்கள்; ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று பெருமான் சொல்லியிருக்கிறார். இதில் உங்கள் பிள்ளைக்கு நஷ்டம் பிள்ளைப் பருவம் ஒன்றுதான். அதற்கென்று அவர் தனியாகக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.