பம்பரும் பெருஞ்சக்கரமும்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, மக்கள் வாயில் ஜி.பி. ரோடு, கார் அலங்காரக் கலையின் தலைமைப் பீடம். சீட் கவர், ஹாரன், ஸ்பீக்கர் எனப் பழைய துறைகள் பல இங்கே செழித்திருக்க, அண்மைக் காலத்தில் தனித் துறையாகக் கிளைத்து நிற்பது ‘ஆஃப்ரோடு’. புது வண்டிக்கு நம்பர் பிளேட்டு மாட்டிய கையோடு கம்பெனி பம்பரைக் கழற்றி இரும்பு பம்பர் பூட்டுவதும், இருக்கிற டயரைவிடப் பெரிய டயர் போடுவதும் இத்துறையின் இரு பெரும் சடங்குகள். சாலையே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டவே இவையிரண்டும் என்பது துறை அறிஞர்களின் ஒருமித்த முடிவு. அந்தச் சாலையில்லாத இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் மௌனம் சாதிக்கிறார்கள். இக்கட்டுரை அந்த மௌனத்தின் மீது எழுப்பப்பட்டது.

ஆய்வுக்குரிய மாதிரியாக 2020 அக்டோபர் 2 அன்று சந்தைக்கு வந்த மகிந்திரா தார் கொள்ளப்படுகிறது. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 226 மி.மீ. முன்பக்கம் இடிக்காமல் 41.8 பாகைச் சரிவில் ஏறும். 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கும். இவையெல்லாம் கம்பெனி கொடுத்த கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த இலக்கணப்படி ஒரு வேகத்தடையின் உயரம் 100 மி.மீ. ஆகவே ஷோரூமிலிருந்து இறங்கிய கோலத்திலேயே இவ்வண்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு வேகத்தடைகளைக் கடக்க வல்லது. நம்மூர் வேகத்தடைகள் இலக்கணத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்ற ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. அப்படியும் இடைவெளி மிச்சமிருக்கிறது.

ஆனால் உரிமையாளர் பார்வையில் அது ‘பத்தாது’. இந்தப் பத்தாமையே நமது கருதுகோள்.

2. டயர் இயல்

உயர்ந்த வகைத் தாருக்குக் கம்பெனி கொடுக்கும் டயர் 255/65 ஆர் 18. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பெருக்கினால் டயரின் மொத்த விட்டம் 788.7 மி.மீ. இதைக் கழற்றிவிட்டு, 17 அங்குல அலாயில் 285/70 போட்டால் விட்டம் 830.8 மி.மீ. வித்தியாசம் 42 மி.மீ. ஆனால் அதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. கீழே தரைக்கும் வண்டிக்கும் நடுவே கூடுவது 21 மி.மீ. மட்டுமே. 2011-இல் வெளிவந்த ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைத்தால் ஏறத்தாழ அந்த உயரம். ஐந்து டயரும் ஐந்து அலாயும் வாங்கிய ரூபாய் அத்தனையும் இந்த ஒரு ரூபாய்க்குள் அடங்குவது பொருளாதார அறிஞர்கள் கவனிக்க வேண்டியது.

பக்க விளைவுகள் பல. கணக்குப்படி சக்கரத்தின் சுற்றளவு 5 விழுக்காடு கூடுவதால் வேகமானி 80 காட்டும்போது வண்டி 84-இல் போகிறது. ஓடிய தூரமோ குறைவாகப் பதிவாகிறது. “மைலேஜ் விழுந்துடுச்சு” என்ற புலம்பலில் ஒரு பகுதி ஓடோமீட்டரின் கைங்கரியம். மீதி, கூடுதல் எடையைச் சுழற்றக் குடித்த டீசல். கியர்கள் அனைத்தும் 5 விழுக்காடு நீண்டுவிட்டதால், பாறைமேல் ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் எஞ்சின் சற்றே அதிகமாகத் திணறும். பாறை ஏறுவதற்காகவே போட்ட டயர் பாறை ஏறுவதைக் கடினமாக்குவது தர்க்க நூலார் ஆராய வேண்டிய விஷயம்.

இடத் தகராறு வேறு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் தோள் மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக்கில் படும். இது குறித்துக் கடை வாசலில் நிகழும் உரையாடல் ஏறக்குறைய வாய்ப்பாடாகிவிட்டது.

“உரசாதுல்லண்ணா?”

“ஃபுல்லா ஒடிச்சா மட்டும் லைட்டா உரசும் தம்பி. லைனர கொஞ்சம் வெட்டி வுட்டா போதும்.”

வெட்டியும் போதாவிட்டால் லிஃப்ட் கிட். வண்டியைத் தூக்கினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும். கோணம் மாறினால் ஜாயின்டுக்குத் தேய்மானம். இதற்கிடையே பின்கதவில் ஐந்தாவது டயர் தொங்குகிறது. அதன் கனம் கூடியதால் கதவின் கீல் இறங்கி, நாளடைவில் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கும். வலது கையால் கைப்பிடியை மேலே நெம்பி, இடது முட்டியால் டயரைத் தள்ளி, ‘டொக்’ என்ற சத்தம் வரும்வரை காத்திருக்கும் இந்த ஆசனத்தை மூன்றாம் சடங்காகச் சேர்க்க ஆய்வாளர் பரிந்துரைக்கிறார்.

அமெரிக்காவில் ஜீப் நிறுவனம் 2021-இல் ராங்ளர் ரூபிகானுக்கு 35 அங்குல டயரைத் தானே போட்டுக் கொடுக்க முன்வந்தது. அதற்காக வண்டியை ஒன்றரை அங்குலம் தூக்கியது, அச்சின் கியர் விகிதத்தை 4.56 ஆக்கியது, மட்கார்டை உயர்த்தியது, பின்கதவையும் வலுப்படுத்தியது. டயர் மாற்றுவது டயரோடு நிற்கும் காரியமல்ல என்பதற்கு இது கம்பெனிச் சான்று. ஜி.பி. ரோடு மரபில் இப்பட்டியலின் முதல் வரி மட்டும் பின்பற்றப்படுகிறது.

3. காற்று இயல்

இத்துறையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பொருள் காற்று. காரணம், அதை விற்க முடியாது.

மணலில் வண்டி புதைவது டயர் சிறியதாக இருப்பதால் அல்ல. டயர் தரையைத் தொடும் பரப்பு சிறியதாக இருப்பதால். தார்ச்சாலைக்கு 30 சொச்சம் பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரில் காற்றை 15 முதல் 18 வரை இறக்கினால், தொடும் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பெரும்பாலும் நீளவாக்கில். தேரிக்காட்டுச் செம்மணலில் பின்சக்கரம் குழி பறிக்கத் தொடங்கும்போது அனுபவசாலி செய்யும் முதல் வேலை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வால்வு மூடியைத் திருகி எடுத்து ஒரு குச்சியால் ஊசியை அழுத்துவது. செலவு: ஒரு குச்சி. திரும்பச் சாலைக்கு வந்ததும் காற்றடித்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நான்கு வால்வு மூடிகளையும் சட்டைப் பையில் போடுவது துணை நிபந்தனை.

கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தை இன்ஸ்டாகிராமில் போட இயலாது என்ற ஒரே குறைதான் இதன் பரவலைத் தடுத்துள்ளது.

4. பம்பர் இயல்

இரும்பு பம்பருக்கு நியாயமான வேலை உண்டு என்பதை நடுநிலை தவறாத ஆய்வு மறைக்காது. ஓரங்களை வெட்டிச் செதுக்கிய பம்பர் சக்கரத்துக்கு முன்னால் வழிவிடுவதால் ஏறுகோணம் கூடுகிறது. விஞ்ச் பூட்ட இடம் கிடைக்கிறது. சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க வலுவான கொக்கி கிடைக்கிறது. ஆஸ்திரேலிய உட்பகுதியில் அந்தி மயங்கும் நேரத்தில் கங்காரு சாலையில் குதிக்கும். அங்கே முன்பக்க இரும்பு, வீடு திரும்புவதற்கான உத்தரவாதம். மெல்போர்னில் 1975-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் வளர்ந்தது இத்தேவையால்தான்.

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் கங்காரு இல்லை. மனிதர் இருக்கிறார்கள்.

கம்பெனி பம்பர் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மோதலின் விசையைத் தான் உடைந்து தின்றுவிட்டு, மிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்புகிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று சென்சார் முடிவெடுப்பதும் அந்த நசுங்கலின்போது வண்டியின் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை வைத்தே. சேசிஸில் நேரடியாகப் போல்ட் போட்ட இரும்போ தான் நசுங்காமல் விசையை அப்படியே சேசிஸுக்குக் கடத்துகிறது. எதிரில் நடந்து போகிறவரின் முழங்காலுக்கு நேர்வது இன்னும் மோசம். குளோபல் என்கேப் 2020-இல் தாரை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு நான்கு நட்சத்திரம் கொடுத்தது. அந்த நட்சத்திரங்கள் கழற்றிப் போட்ட பம்பருக்குச் சொந்தம். அவை இப்போது கடையின் பின்கட்டில், பழைய சைலன்சர்களுக்கு அடியில் கிடக்கக்கூடும்.

5. சட்ட இயல்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி வகுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, வண்டியின் முன்னே பூட்டும் புல் பார்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி வடிவமைப்பை மாற்றலாகாது என்றது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று விதித்தது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லை உரையாசிரியர்கள் விட்டுவிட்டுப் படிக்கின்றனர்.

6. எதிர்ச்சான்று: கொழுக்குமலை

தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஜீப் ஏற முடியும். பாதை என்பது பெருங்கற்களின் தொகுதி. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, விடியுமுன்பே பழைய மகிந்திரா ஜீப்புகள் புறப்படுகின்றன. டயர் ஒல்லி, பம்பர் நசுங்கியது, ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எந்தக் கல்லில் சக்கரத்தை ஏற்றுவது என்று மட்டும் பார்க்கிறார். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பும் 60 குதிரைத்திறனையும் ஆறு அங்குல அகல டயரையும் வைத்துக்கொண்டுதான் கண்டம் கண்டமாகச் சுற்றியது. இச்சான்றுகள் நமது கருதுகோளுக்குப் பாதகமானவை. ஆகவே நல்ல ஆய்வு மரபுப்படி கடைசியில் தரப்பட்டன.

7. மேலாய்வுக்கு உரியவை

பின்சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் தாரை மகிந்திரா 2023 ஜனவரியில் வெளியிட்டது. அதிலும் சேற்று டயர் போடுவோரின் உளவியல் தனி முனைவர் பட்டத்துக்குரியது. ஒருபோதும் டீசல் ஊற்றப்படாத ஜெர்ரி கேன்கள், மேல்கூரை எல்.இ.டி. விளக்குகளுக்கும் எதிரே வருபவரின் வசவுக்கும் உள்ள தொடர்பு ஆகியவையும் காத்திருக்கின்றன. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன; அடுத்த மழைக்கு அங்கே ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்) பூட்டிய வண்டிகளை எண்ண, மழைக்கோட்டு சொந்தமாக வைத்திருக்கும் ஆய்வு உதவியாளர் ஒருவர் தேவை.