எம். புதுப்பட்டியும் ஓரெழுத்துத் தூரமும்: ஒரு முன்னோடி ஆய்வு

ஊர்ப்பெயரை எழுத இரண்டு முறைகள் உண்டு: நாம் எழுதுவது, கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்வது. இவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை அளப்பதே இவ்வாய்வு. களம், சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டி. முதன்மைச் சான்றுகள், எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தவை.

பாஸ்புக்கில் 'து'வுக்கு டாக்டரில் வரும் 'டி'. ஆதாரில் டீக்கடையில் வரும் 'டி', கூடவே ஓர் 'எச்'. கேஸ் புத்தகத்தில் அதோடு 'பி'யும் இரட்டித்திருக்கிறது. ஒரே வாசல், மூன்று ஊர்.

இத்தகைய சிக்கலுக்கு 1965இல் சோவியத் அறிஞர் லெவன்ஷ்டைன் ஓர் அளவுகோல் தந்தார். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டுமோ அதுவே தூரம். பாஸ்புக் புதுப்பட்டியிலிருந்து கேஸ் புத்தகப் புதுப்பட்டிக்குத் தூரம் 3. வத்திராயிருப்புப் பக்கத்து டபிள்யூ. புதுப்பட்டிக்கோ வெறும் 1! அதாவது, எங்கள் ஊருக்கு எங்கள் ஊரைவிட அடுத்த ஊர் கிட்டக்க இருக்கிறது. இதை எங்கள் பஸ் கண்டக்டர் ஏற்கவில்லை. டிக்கெட் விலை அவர் பக்கம்.

நாடுகளுக்கும் இதே கதிதான். இரானுக்கும் இராக்குக்கும் ஒரே எழுத்துத் தூரம். அவை எட்டாண்டு போரிட்டது அளவுகோலுக்குத் தெரியாது. சிலோனும் 1972இல் பெயர் மாறிய ஸ்ரீலங்காவும் ஒரே தீவு; எழுத்தை எண்ணினால் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கடைசியில் எல்.கே. என்று இரண்டெழுத்துக் குறி கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தார்கள்.

எழுத்தை விட்டு ஒலியைப் பிடிக்கலாமே என்பார்கள். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் அதற்கானது. எங்கள் மூன்று எழுத்துக்கும் அது பி-313 என ஒரே குறி தருகிறது. மகிழவேண்டாம், தமிழ்நாட்டுப் புதுப்பட்டிகள் அத்தனைக்கும் அதே பி-313தான்.

அரசும் முயன்றது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஒப்ப மாற்றி வந்த ஆணை, 2020 ஜூனில் வெளியான சில நாளிலேயே திரும்பிப் போனது. எழுத்துக்கூட்டிப் படித்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மூச்சு வாங்கியதே காரணம் என்பது என் கருதுகோள்.

இனி நேரடிப் பரிசோதனை. மச்சான் மகள் காதுகுத்துப் பத்திரிகைக் கட்டு சிவகாசி அச்சகத்திலிருந்து கிளம்பி, டபிள்யூ. புதுப்பட்டித் தென்னந்தோப்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விசேஷத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. மென்பொருளைத்தான் திட்டினேன். லாரி ஆபீஸ் குமாஸ்தா கட்டைப் புரட்டிக் காட்டினார்.

"அதுமேல ஏண்ணே பழியப் போடுதீக? கட்டத் தலகீழாப் போட்டுட்டாங்க. எம்மு டபிள்யூ ஆயிருச்சு."

அடுத்த கட்டுக்கு அவரே மார்க்கர் எடுத்தார். தம்போலாக் காயில் ஒன்பதுக்குக் கீழே போடுவதுபோல, 'எம்'முக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு.